புகழுரையும் சான்றே: யூதக் குடும்ப வரலாற்றாய்வில் எபிரேயக் கல்லறை வாசகங்கள் – ஒரு திறனாய்வு நோக்கு

முன்னுரை

குடும்ப வரலாறு எழுதப் புகுவோர் முதலில் தேடுவன பெயரும் நாளுமே ஆகும். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிந்துவைத்த அரசாங்க ஏடுகள் உள்ள இடத்தில் இத்தேடல் எளிதாக அமையும். ஐரோப்பிய யூதர்களைப் பொறுத்தவரை அத்தகைய ஏடுகள் பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியே தொடங்குகின்றன. அவற்றுள்ளும் பல போர்களிலும் இனப்படுகொலைக் காலத்திலும் அழிந்தன. இந்நிலையில், கல்லறைக் கற்களில் பொறிக்கப்பட்ட எபிரேய வாசகங்கள் ஆய்வாளர்க்கு முதன்மைச் சான்றுகளாக விளங்குகின்றன. ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் பதினோராம் நூற்றாண்டுக் கற்கள் இன்றும் நிற்கின்றன. பிராக் நகரின் பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தில் 1439ஆம் ஆண்டு முதல் 1787ஆம் ஆண்டு வரையிலான கற்கள் ஏறத்தாழ 12,000 உள்ளன.

இக்கற்களைப் பயன்படுத்துவதில் இருவேறு போக்குகள் காணப்படுகின்றன. ஒன்று, வாசகத்திலிருந்து பெயர், தந்தை பெயர், இறந்த நாள் ஆகியவற்றை மட்டும் பிரித்தெடுத்துப் பட்டியலிடுவது. எஞ்சிய புகழுரையை வெறும் மரபுத்தொடர் எனத் தள்ளிவிடுவது. மற்றொன்று, புகழுரையை அப்படியே நம்பி, முன்னோர் அனைவரையும் அறிஞராகவும் அறச்செல்வராகவும் காட்டுவது. இவ்விரு போக்குகளும் ஒரே குறையிலிருந்து பிறப்பன என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். கல்லறை வாசகம் ஓர் இலக்கிய வகை. அதற்கெனத் தனி இலக்கணம் உண்டு. அவ்விலக்கணத்தை அறியாமல் அதிலிருந்து தகவலைப் பிரிக்க முயலும்போது, தகவலே பிழைபடுகிறது. இக்கருத்தை வாசகத்தின் அமைப்பைக் கொண்டும், பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் வெளிவந்த சில தொகுப்புகளைக் கொண்டும் நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

வாசகத்தின் அமைப்பு

பொதுவாக அஷ்கெனாசி எனப்படும் நடு, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்லறை வாசகம் ‘பே, நூன்’ அல்லது ‘பே, தேத்’ என்னும் ஈரெழுத்துச் சுருக்கத்துடன் தொடங்கும். ‘இங்கு அடக்கம் செய்யப்பட்டவர்’ என்பது இதன் பொருள். அடுத்துப் புகழுரை வரும். அதன்பின் இறந்தவரின் பெயரும் தந்தை பெயரும் இடம்பெறும். தொடர்ந்து இறந்த நாள், மாதம், ஆண்டு ஆகியன வரும். ஈற்றில் ‘தாவ், நூன், த்சாதே, பேத், ஹே’ என்னும் ஐந்தெழுத்துச் சுருக்கம் நிற்கும். இறந்தவரின் உயிர், வாழ்வோரின் கட்டில் பிணைந்திருக்க வேண்டும் என்னும் வேண்டுதலை அது குறிக்கும். சாமுவேலின் முதல் நூல் 25ஆம் அதிகாரத்தில் வரும் ஒரு தொடரே அதற்கு மூலமாகும்.

குடும்ப வரலாற்றாய்வாளருக்கு இவ்வமைப்பில் மிகவும் பயன்படுவது தந்தை பெயராகும். ஆணாயின் ‘பென்’, பெண்ணாயின் ‘பத்’ என்னும் சொல் இரு பெயர்களையும் இணைக்கும். மலேசியத் தமிழர்தம் அடையாள அட்டையில் தந்தை பெயர் பெறும் இடத்தை நினைத்துப் பார்த்தால் இதன் பயன் எளிதில் விளங்கும். ஒரே கல்லில் இரு தலைமுறைகள் பதிவாகின்றன. குடும்பப் பெயர் என்பது பெரும்பாலான ஐரோப்பிய யூதர்களுக்கு அரசாணையால் வந்தது. ஆஸ்திரியப் பேரரசில் 1787ஆம் ஆண்டிலும், பிரான்சில் 1808ஆம் ஆண்டிலும், பிரஷ்யாவில் 1812ஆம் ஆண்டிலும் அது கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட கற்களில் பெரும்பாலும் தந்தை பெயரே ஒருவரை அடையாளப்படுத்தும்.

பெண்களின் கற்களைப் பற்றித் தனியே கூற வேண்டியுள்ளது. பழைய அஷ்கெனாசிக் கற்களில் பெண்ணின் பெயருடன் தந்தை பெயர், கணவன் பெயர் ஆகிய இரண்டும் வருதல் பரவலான வழக்கம். ஆகவே ஒரு பெண்ணின் கல் இரண்டு குடும்பங்களை இணைக்கும் சான்றாகிறது. ஆணின் கல் பெரும்பாலும் ஒரு குடும்பத்தையே காட்டுகிறது. தந்தைவழியை மட்டும் தொடர்ந்து செல்லும் ஆய்வுகள் பெண்களின் கற்களைப் புறக்கணிப்பதால் இழப்பது பெரிது.

பெயரும் நாளும்

பெயரையும் நாளையும் எளிதில் பிரித்தெடுத்துவிடலாம் என்னும் எண்ணமே முதற்கண் ஆய்வுக்குரியது. யூதர் பலருக்கு எபிரேயப் பெயர் ஒன்றும் யித்திஷ் மொழிப் பெயர் ஒன்றும் இணைந்து வழங்கின. யெஹூதாவுடன் ‘சிங்கம்’ எனப் பொருள்படும் லைப், நப்தாலியுடன் ‘மான்’ எனப் பொருள்படும் ஹிர்ஷ், பெஞ்சமினுடன் ‘ஓநாய்’ எனப் பொருள்படும் வொல்ஃப் என்பன இவ்வாறு இணைவன. ஆதியாகமம் 49ஆம் அதிகாரத்தில் யாக்கோபு தம் மக்களுக்குக் கூறும் உவமைகள் இவ்விணைப்பிற்கு அடிப்படை. கல்லில் யெஹூதா லைப் எனக் காணப்படுபவர் அரசாங்க ஏட்டில் லியோபோல்ட் எனவோ லூயி எனவோ காணப்படலாம். கல்லில் செதுக்கப்பட்ட சிங்கமோ மானோ வெறும் அணி அன்று. அது பெயரின் மறுவடிவமாக இருத்தல் கூடும். பிராக் நகரில் 1613ஆம் ஆண்டு மறைந்த வரலாற்றாசிரியர் டேவிட் கான்ஸ் என்பாரின் கல்லில் வாத்து இனத்தைச் சேர்ந்த பறவை ஒன்று காணப்படுகிறது. ‘கான்ஸ்’ என்னும் ஜெர்மன் சொல்லுக்கு அப்பறவை என்பதே பொருள்.

ஆண்டு எபிரேய எழுத்துகளால் குறிக்கப்படும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. ஆயிரத்தின் இடத்தை விட்டுவிடுவது வழக்கமாதலால், ‘சிறு கணக்கின்படி’ என்னும் சுருக்கம் உடன் வரும். சான்றாக, தாவ் (400), ரேஷ் (200), சாமெக் (60), ஹே (5) ஆகிய நான்கு எழுத்துகளும் சேர்ந்து 665 ஆகும். இது யூத ஆண்டு 5665ஐக் குறிக்கும். மூவிலக்க எண்ணுடன் 1240ஐக் கூட்டினால் 1905 என்னும் பொது ஆண்டு கிடைக்கும். ஆயினும் யூத ஆண்டு இலையுதிர் காலத்தில் பிறப்பதால், 5665ஆம் ஆண்டு 1904 செப்டம்பரில் தொடங்கி 1905 செப்டம்பரில் முடிகிறது. நவம்பர், டிசம்பரை ஒட்டி வரும் கிஸ்லேவ் மாதத்தில் இறந்தவர் உண்மையில் இறந்தது 1904ஆம் ஆண்டிலாகும். யூத நாள் கதிரவன் மறைவில் தொடங்குவதால், மாலையில் இறந்தவரின் நாள் அரசாங்க ஏட்டிலிருந்து ஒரு நாள் வேறுபடுவதும் இயல்பே.

எழுத்துகளின் ஒப்புமை மேலும் ஒரு சிக்கலாகும். ஹே (5), ஹேத் (8) ஆகியன தோற்றத்தில் நெருங்கியவை. கல் தேய்ந்திருப்பின் மேற்காட்டிய 665 எளிதில் 668 ஆகிவிடும். அவ்வாறே தாலெத் (4), ரேஷ் (200) ஆகியனவும், பேத் (2), காஃப் (20) ஆகியனவும் மயங்கும். வாரத்தின் நாள் கல்லில் குறிக்கப்பட்டிருப்பின், நாட்காட்டியுடன் ஒப்பிட்டு இம்மயக்கத்தைத் தீர்க்கலாம். ஆனால் பட்டியலிடுவோர் பலர் வாரநாளைப் படியெடுப்பதில்லை. சரிபார்க்கும் கருவியை விட்டுவிட்டு, சரிபார்க்கப்பட வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வதாக இது முடிகிறது.

கல்லில் உள்ள நாளும் அடக்க நாளும் ஒன்றென்று கொள்வதும் எப்போதும் பொருந்தாது. வோர்ம்ஸ் கல்லறையில் உள்ள ரொத்தன்பர்க் மெயிர் என்னும் பேரறிஞரின் கல் இதற்குச் சிறந்த சான்று. 1286ஆம் ஆண்டு சிறைப்பட்ட அவர் 1293ஆம் ஆண்டு சிறையிலேயே மறைந்தார். அவர் உடல் பதினான்கு ஆண்டுகள் விடுவிக்கப்படவில்லை. அலெக்சாண்டர் விம்ப்ஃபென் என்பார் பொருள் கொடுத்து மீட்ட பின்னரே, 1307ஆம் ஆண்டு அவ்வுடல் அடக்கம் செய்யப்பட்டது. மீட்டவரும் அதே ஆண்டு மறைந்து, தம் விருப்பப்படி அவருக்கு அருகிலேயே இடம்பெற்றார். இருவர் கற்களும் அருகருகே நிற்கின்றன. இரத்த உறவு இல்லாத இருவரைப் பக்கத்துப் பக்கத்து இடங்களைக் கொண்டு உறவினர் எனக் கருதிவிடலாகாது என்பதையும் இச்சான்று உணர்த்துகிறது.

புகழுரையின் இலக்கணம்

புகழுரையை நம்புவதால் நேரும் பிழைகளுள் மிகப் பரவலானது ‘ரெப்’ என்னும் அடைமொழியைப் பற்றியதாகும். ரேஷ் என்னும் ஓரெழுத்தால் சுருக்கி எழுதப்படும் இச்சொல், மணமான யூத ஆடவர் எவருக்கும் வழங்கும் மரியாதைச் சொல். நம் வழக்கில் ‘திரு’ என்பதற்கு நிகரானது. இதனைச் சமயகுருவைக் குறிக்கும் ‘ரப்பி’ எனப் பொருள்கொண்டு, வணிகரையும் தையற்காரரையும் குருமார் ஆக்கிய குடும்ப வரலாறுகள் பல. சமயகுருவாயின் வாசகம் அதனைத் தனிச் சொற்களாலும் நீண்ட சுருக்கங்களாலும் சுட்டும். ‘குறையற்றவர், நேரியர்’ என்னும் தொடர் யோபு நூலின் தொடக்கத்திலிருந்தும், பெண்களைப் புகழும் தொடர் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்திலிருந்தும் வருவன. நூற்றுக்கணக்கான கற்களில் வரும் இத்தொடர்களைக் கொண்டு ஒருவரின் தனிப் பண்பை வரையறுக்க இயலாது.

இதனால் புகழுரை பயனற்றது எனத் தள்ளிவிடலாமா? இங்குதான் இரண்டாம் போக்கைப் போலவே முதற்போக்கும் தவறுகிறது. புகழுரையில் பல, இறந்தவரின் பெயரெழுத்துகளை அடிதோறும் முதலெழுத்தாகக் கொண்டு அமைந்தவை. ஷின், ரேஷ், ஹே என அடிகள் தொடங்கினால் பெயர் சாரா என்பது பெறப்படும். இத்தகைய கல்லில் எந்தப் புகழ்ச்சொல் வரவேண்டும் என்பதைப் பெரிதும் முடிவு செய்தது எழுத்தேயன்றி இறந்தவரின் குணம் அன்று. ஆகவே அதனைக் குணச்சான்றாகக் கொள்ள இயலாது. ஆனால் பெயர் வந்த வரி சிதைந்துபோன நிலையில், இவ்வடிகளின் முதலெழுத்துகளே பெயரை மீட்டுத் தருகின்றன. இதுபோன்றே, சில கற்களில் ஆண்டு ஒரு விவிலியத் தொடருக்குள் மறைந்திருக்கும். குறியிடப்பட்ட எழுத்துகளின் எண் மதிப்பைக் கூட்டினால் ஆண்டு கிடைக்கும். அத்தொடரை ‘வெறும் மேற்கோள்’ எனத் தள்ளியவருக்கு அக்கல் ஆண்டில்லாத கல்லாகிவிடும்.

சிறு சுருக்கங்களின் பயன் இன்னும் நுட்பமானது. தந்தை பெயரை அடுத்து ‘நினைவு ஆசியாகுக’ என்னும் சுருக்கம் வந்தால், மகன் இறக்கும்போதே தந்தை மறைந்துவிட்டார் என்பது தெளிவு. மாறாக, ‘இறைவன் காத்து வாழ்விப்பாராக’ என்னும் சுருக்கம் வந்தால் தந்தை அப்போது உயிருடன் இருந்தார். தந்தையின் கல் கிடைக்காத இடத்திலும் அவர் இறந்த காலத்திற்கு ஒரு கீழெல்லையையோ மேலெல்லையையோ மகனின் கல் இவ்வாறு தந்துவிடுகிறது. ‘பஹுர்’ என்னும் சொல் மணமாகாத இளைஞரைக் குறிக்கும். அவருக்கு வழித்தோன்றல்களை இணைக்கும் கொடிவழி ஐயத்திற்குரியது. ‘காதோஷ்’ என்னும் அடைமொழி வெறும் தூய்மையைக் குறிப்பதன்று. சமயம் காரணமாகவோ வன்முறையாலோ கொல்லப்பட்டவரைக் குறிக்கும். வயதைக் கூறுமிடத்து ‘எழுபதின் மகன்’ என வருமாயின், அது எழுபது வயதினர் என்னும் மரபுத்தொடரே ஆகும்.

அடையாளக் குறிகளும் இவ்வாறே வாசிக்கத்தக்கவை. ஆசி வழங்கும் இரு கைகள் ஆரோனின் வழிவந்த கோஹேன் மரபினரையும், நீர்க்குடம் லேவி மரபினரையும் குறிக்கும். இம்மரபுகள் தந்தைவழி வருவன. ஆகவே தந்தையின் கல்லில் கைகள் இருந்து மகனின் கல்லில் இல்லையெனின், இருவரும் தந்தையும் மகனும்தாமா என்று மீண்டும் ஆராய்தல் வேண்டும். ‘காட்ஸ்’ என்னும் குடும்பப் பெயரும் ‘நீதியின் குரு’ எனப் பொருள்படும் எபிரேயத் தொடரின் சுருக்கமாக விளக்கப்படுவது ஈண்டு நினைக்கத்தக்கது.

தொகுப்புகள்: ஒரு மதிப்பீடு

கல்லறை வாசகங்களை நூலாகத் தொகுக்கும் பணி பத்தொன்பதாம் நூற்றாண்டில் விரிவு பெற்றது. கோப்பெல்மன் லீபன் 1856ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கால் ஏத்’ பிராக் நகரின் 170 வாசகங்களைத் தந்தது. ‘சாட்சிக் குவியல்’ என்பது அத்தலைப்பின் பொருள். சான்றோர் பலரின் கற்களை எபிரேய மூலத்தோடு காத்தது அதன் சிறப்பு. ஏறத்தாழ 12,000 கற்களுள் 170ஐத் தேர்ந்தமையால் எளிய மக்கள் பெரும்பாலும் விடுபட்டமை அதன் எல்லை.

சைமன் ஹாக் என்பாரின் ‘பிராக் நகரின் குடும்பங்கள்’ அவர் மறைவிற்குப் பின், 1892ஆம் ஆண்டு, டேவிட் காஃப்மனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தது. கற்களைக் குடும்ப வாரியாக வகைப்படுத்தியது இதன் புதுமை. தேர்ந்தெடுத்த சான்றோரைக் கடந்து குடும்பங்களை நோக்கி ஆய்வைத் திருப்பிய வகையில் இந்நூல் பெரும் முன்னேற்றம். எனினும் குடும்பமே அடிப்படை அலகாகும்போது, கல்லின் முழுவாசகம் பின்னுக்குச் செல்கிறது. எது எந்தக் குடும்பம் என்னும் முடிவு தொகுப்பாசிரியருடையது. அதனை வாசகர் சோதித்தறிய மூலம் முழுமையாகத் தேவைப்படுகிறது.

மார்க்குஸ் ஹொரோவிட்ஸ் பிராங்க்ஃபர்ட் நகரின் பழைய கல்லறை வாசகங்களை 1901ஆம் ஆண்டு நூலாக்கினார். அந்நகர யூதத் தெருவில் வீடுகளுக்குப் பெயரும் அடையாளக் குறியும் இருந்தன; அவை கற்களிலும் இடம்பெற்றன. ‘சிவப்புக் கேடயம்’ எனப் பொருள்படும் வீட்டின் பெயரே ராத்ஸ்சைல்ட் குடும்பத்தின் பெயராயிற்று. பின்னர் அக்குடும்பம் வேறு வீட்டிற்குக் குடிபெயர்ந்தபோதும் அப்பெயரைக் கைவிடவில்லை. ஆனால் வீடு மாறும்போது பெயரையும் மாற்றிக்கொண்ட குடும்பங்களும் உண்டு. எனவே பெயர் ஒற்றுமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது; பெயர் வேற்றுமை மட்டும் உறவின்மைக்கும் சான்றாகாது.

இவ்வரிசையில் முறையியல் நோக்கில் மிகச் சிறந்ததாகக் கொள்ளத்தக்கது பெர்ன்ஹார்ட் வாக்ஸ்டைன் இரு தொகுதிகளாக 1912, 1917ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட வியன்னா நகரப் பழைய கல்லறை வாசகங்களாகும். வியன்னா யூதச் சமூகத்தின் நூலகராக விளங்கிய அவர், வாசகத்தை எபிரேயத்தில் முழுமையாகத் தந்ததுடன், ஆவணக்காப்பகச் சான்றுகளைக் கொண்டு ஒவ்வொருவரையும் அடையாளப்படுத்தினார். கற்கள் நின்ற இடத்தையும் வரைபடமாக்கினார். கல் கூறுவது எது, தொகுப்பாசிரியர் கூறுவது எது என்பதை வாசகர் பிரித்தறிய முடிகிறது. சான்றுத் தொகுப்பு ஒன்றின் நேர்மைக்கு இதுவே அளவுகோல் எனலாம்.

இன்றைய தரவுத்தளங்களிலும் இப்பழைய வேறுபாடு தொடர்கிறது. 1987ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜூயிஷ்ஜென் அமைப்பின் உலகளாவிய அடக்கப் பதிவகம் இலட்சக்கணக்கான பெயர்களைத் தேட உதவுகிறது. பல பதிவுகளில் கல்லின் நிழற்படமும் உண்டு. ஜெர்மனியின் ஸ்டைன்ஹைம் நிறுவனம் நடத்தும் ‘எபிதாட்’ தளமோ எபிரேய மூலம், ஜெர்மன் மொழிபெயர்ப்பு, விளக்கக் குறிப்பு, நிழற்படம் ஆகியவற்றை ஒருங்கே தருகிறது. முன்னது ஹாக்கின் வழியினது. பின்னது வாக்ஸ்டைனின் வழியினது. பெயர்ப்பட்டியல் இல்லையேல் எந்தக் கல்லைத் தேடுவது என்றே தெரியாது. ஆகவே அதனைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையன்று. ஆனால் பட்டியலில் தேடலை முடித்துக்கொள்பவர் கல்லைப் படித்தவர் ஆகார். நிழற்படம் உள்ள இடத்தில் அதனைத் திறந்து முழுவாசகத்தையும் படிப்பது ஆய்வாளரின் கடமையாகும்.

அழிவும் பதிவும்

எதனைப் படியெடுப்பது என்னும் வினா முறையியல் வினா மட்டும் அன்று என்பதை இருபதாம் நூற்றாண்டின் வரலாறு காட்டிற்று. பிராங்க்ஃபர்ட் நகரின் அக்கல்லறைத் தோட்டத்தில் இருந்த ஏறத்தாழ 6,500 கற்களுள் மூன்றில் இரு பங்கு நாசி ஆட்சியில் உடைக்கப்பட்டன. அழிந்த கற்களுக்கு ஹொரோவிட்ஸின் நூலே இன்று எஞ்சிய முதன்மைச் சாட்சி. கிரேக்கத்தின் தெசலோனிக்கி நகரில் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கொண்டதாக மதிப்பிடப்படும் யூதக் கல்லறைத் தோட்டம் 1942 டிசம்பரில் இடிக்கப்படத் தொடங்கியது. கற்கள் கட்டுமானப் பொருள்களாயின. அவ்விடத்தில் இன்று அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகம் உள்ளது. அந்நகரில் பிறந்த ஐசக் சாமுவேல் இம்மானுவேல் 1963, 1968ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்ட தெசலோனிக்கிக் கல்லறை வாசகங்களே அத்தோட்டத்தை இன்று அறிய உதவும் முதன்மை நூலாகும். அவர் படியெடுக்காமல் விட்ட வரியை இனி எவரும் சென்று பார்க்க இயலாது.

வியன்னாவில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. 1943ஆம் ஆண்டு அந்நகர யூதர்கள் பழைய கற்களுள் பலவற்றைப் பாதுகாப்பதற்காக மத்தியக் கல்லறைத் தோட்டத்திற்குக் கொண்டு சென்று மண்ணில் புதைத்தனர். 1980களில் அவை மீண்டும் கண்டெடுக்கப்பட்டபோது, வாக்ஸ்டைனின் வரைபடத்தைக் கொண்டே அவற்றின் பழைய இடங்களில் நிறுத்தப்பட்டன. பெயர்களை மட்டும் பட்டியலிட்டிருந்தால் இம்மீட்பு இயன்றிராது.

போலந்தில் சிதைந்த கற்களைச் சுவராகப் பதித்துள்ளனர். கிராக்கோவ் நகரின் ரெமூ கல்லறையிலும், 1984ஆம் ஆண்டு காஸிமியெஷ் தோல்னியில் எழுப்பப்பட்ட நினைவுச்சுவரிலும் இத்துண்டுகளைக் காணலாம். ஒரு துண்டில் பெயர் உண்டு, தந்தை இல்லை. மற்றொன்றில் நாள் உண்டு, பெயர் இல்லை. தனித்தனித் தகவல்களாக நோக்கினால் இவை பயனற்றவை. வாசக மரபை அறிந்தவருக்கோ, ஐந்தெழுத்து வேண்டுதல் உள்ள துண்டு கல்லின் அடிப்பகுதி என்பதும், அடிகளின் முதலெழுத்துகள் பெயரின் ஒரு பகுதி என்பதும் விளங்கும்.

அரசாங்க ஏடும் கல்லும்

கல்லும் ஏடும் முரண்படுமிடத்து ஏட்டையே நம்பவேண்டும் என்பது பொதுவான எண்ணம். ஆஸ்திரிய ஆட்சிக்குட்பட்ட கலீசியாப் பகுதியின் சான்றுகள் இவ்வெண்ணத்தை மறுக்கின்றன. அங்கு யூதச் சமய முறைப்படி மட்டும் மணந்தவர்களின் திருமணத்தை அரசு ஏற்கவில்லை. அரசாங்கப் பதிவு செய்யாத இணையரின் பிள்ளைகள் முறையற்ற பிறப்பினர் எனப் பதியப்பட்டனர். தாயின் குடும்பப் பெயரே அவர்களுக்கு இடப்பட்டது. பல ஏடுகளில் தந்தையின் இடம் வெறுமையாக உள்ளது. அதே பிள்ளையின் கல்லறைக் கல்லிலோ ‘பென்’ என்னும் சொல்லுடன் தந்தை பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அரசு ஏற்க மறுத்த உறவைச் சமூகம் கல்லில் எழுதி வைத்தது. இங்கு ஏட்டை மட்டும் நம்பும் ஆய்வாளர், ஒரு சட்டத்தின் தீர்ப்பையே குடும்பத்தின் உண்மையாக எழுதிவிடுகிறார்.

அதற்காகக் கல் பிழையற்றது என்றும் கொள்ளலாகாது. கல்லை எழுப்பியவர் பெரும்பாலும் மக்களே. தாயின் தந்தை பெயரை அவர்கள் அறியாதிருக்கலாம். கல் செதுக்கப்பட்டது இறப்பிற்குப் பல மாதங்கள் கழித்தாக இருக்கலாம். வயது முழு எண்ணாகத் திருத்தப்பட்டிருக்கலாம். பழைய கல் சிதைந்தபின் வழித்தோன்றல்கள் புதுக்கல் நாட்டியிருக்கலாம். எனவே ஒவ்வொரு கல்லையும் நோக்கி, இதனை எழுதச் செய்தவர் யார், எப்போது, எதனை அறிந்து எழுதினார் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் வேண்டும்.

நம் வட்டாரத்துக் கற்கள்

இவ்வாய்வு ஐரோப்பாவுடன் நின்றுவிடுவதன்று. கேரளத்தின் சேந்தமங்கலத்தில் யூதத் தொழுகைக் கூடத்தின் முன் நிற்கும் ‘இஸ்ரவேலின் மகள் சாரா’ என்பாரின் கல் 1269ஆம் ஆண்டினது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லறைக் கற்களுள் மிகப் பழையதாக அது கருதப்படுகிறது. அக்கல் கூறும் குடும்பச் செய்தி ஒரு பெண்ணின் பெயரும் அவர் தந்தை பெயருமே. பினாங்கில் ஜாலான் சைனல் அபிடின் சாலையில் உள்ள யூதக் கல்லறைத் தோட்டத்தின் கற்கள் 1835ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகின்றன. அச்சாலை முன்பு யூதரின் பெயராலேயே ‘யஹூதி’ சாலை என வழங்கியது. சிங்கப்பூரில் ஆர்ச்சர்ட் சாலை அருகே இருந்த பழைய யூதக் கல்லறை 1980களில் விரைவு இரயில் பணிக்காக அகற்றப்பட்டது.

இங்கு வாழ்ந்த யூதர்களுள் பெரும்பாலோர் பாக்தாத் வழிவந்தவர். அவர்தம் பெயரிடும் மரபு அஷ்கெனாசியரின் மரபினின்றும் வேறுபட்டது. அஷ்கெனாசியர் மறைந்த முன்னோரின் பெயரையே குழந்தைக்கு இடுவர். பாக்தாத் யூதரும் பிற கீழைநாட்டு யூதரும் உயிருடன் உள்ள பாட்டன் பெயரையும் இடுவர். பாட்டன் பெயரைத் தாங்குவதாலேயே ‘பெயரன்’ என்னும் சொல்லைப் பெற்ற மொழியினராகிய நமக்கு இவ்வழக்கம் எளிதில் விளங்கும். ஆய்வில் இதன் விளைவு முக்கியமானது. அஷ்கெனாசிக் குடும்பத்தில் பேரன் பெற்ற பெயர் பாட்டன் அதற்குமுன் மறைந்தார் என்பதைச் சுட்டும். பாக்தாத் குடும்பத்தில் அவ்வாறு முடிவு செய்ய இயலாது. ஒரு மரபின் விதியை மற்றொரு மரபின் கல்லுக்குப் பொருத்துவது கொடிவழியையே பிறழச் செய்யும்.

முடிவுரை

எபிரேயக் கல்லறை வாசகங்கள் குடும்ப வரலாற்றுக்குத் தரும் பயனை மேற்கண்ட சான்றுகள் தெளிவுபடுத்துகின்றன. புகழுரை ஒருவரின் குணத்திற்குச் சான்றாவது அரிது. ஆனால் பெயருக்கும் ஆண்டிற்கும் உறவிற்கும் அது பலவிடங்களில் சான்றாகிறது. எதற்குச் சான்று, எதற்குச் சான்றன்று என்பதைப் பிரித்தறியத் துணைசெய்வது இலக்கிய மரபறிவே. ஆகவே இத்துறையில் மாணவரைப் பயிற்றுவோர், எண்ணெழுத்துப் பட்டியலைக் கற்பிப்பதற்கு முன்னரே வாசகத்தின் வடிவத்தையும் மரபுத்தொடர்களையும் கற்பித்தல் பொருத்தமாகும்.

பதிவு செய்யும் முறையிலும் இவ்வறிவு செயல்பட வேண்டும். கல்லின் முழுவாசகம், வரியமைப்பு, குறிகள், சுருக்கங்கள், நின்ற இடம், பக்கத்துக் கற்கள் ஆகிய அனைத்தும் முதலில் பதியப்பட வேண்டும். பெயர்ப்பட்டியல் அதிலிருந்து பின்னர் உருவாக்கப்படலாம். பட்டியலிலிருந்து வாசகத்தை எவராலும் மீட்க இயலாது. மழையும் வெயிலும் கடற்காற்றும் எழுத்தைத் தேய்த்துவரும் நம் வட்டாரத்தில் இப்பணிக்கு நெடுங்காலம் இல்லை. எபிரேயம் அறிந்தவரும், நிழற்படம் எடுக்க வல்லவரும், உள்ளூர் ஆவணங்களில் பயிற்சி உடையவரும் இணைந்து பினாங்குக் கற்களின் முழுவாசகப் பதிப்பு ஒன்றைக் கொண்டுவருவது மலேசியப் பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.